சாமியைக் கவிழ்த்த காயில் கடை

கரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றித் தருவதைத்தான் எங்கள் பக்கம் காயில் கட்டுவது என்பார்கள். பதினோரு வருஷம் இன்னொருவர் கடையில் அந்த வேலையைச் செய்தேன். முதலாளி வெளியே உட்கார்ந்து பேசுவார். நான் உள்ளே உட்கார்ந்து கம்பி சுற்றுவேன். அவர் பேச்சைக் கேட்பதற்காகவே ஜனங்கள் மோட்டாரைக் கருக்கிக்கொண்டு வருகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் வேலை என்னுடையதுதானே, தனியாகக் கடை வைத்தால் என்னைத் தேடி வருவார்கள் என்று நினைத்தேன். எழுபதுகளின் கடைசியில், ஓர் ஆவணி மாதம், திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் கடை திறந்தேன்.

முதல் வாரம் தேடி வந்தவர் ஒரே ஒருவர். அவரும் பக்கத்து லாட்ஜுக்கு வழி கேட்டார்.

கடை திறந்த அன்றே என் மனைவியின் அண்ணன் கெடு வைத்துவிட்டார். அவருக்குக் கீழ்பென்னாத்தூரில் அரிசி மில் இருந்தது. வந்திருந்த பத்துப் பதினைந்து பேர் முன்னால், கையில் கலர் சோடாவோடு சொன்னார்.

"மாப்ள, தொழில் உனுக்குத் தெரியும், ஒத்துக்கறேன். ஆனா கடைன்னா வாய் வேணும். பங்குனி வரைக்கும் பாரு. ஆள் வரலைன்னா பூட்டிட்டு நம்ம மில்லுக்கு வந்துடு. மூட்டை எடை போடற எடத்துல குந்திக்கோ. அங்க நீ பேசவே வேணாம், தராசு பேசிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மச்சான் கெட்டவர் இல்லை. நான் போய் நின்றால் மறுநாளே வேலை கொடுப்பார். கொடுத்ததை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லவும் செய்வார். "நம்ம மாப்ளதான், கடை வெச்சிப் பார்த்தாரு, முடியல" என்று அவர் சொல்ல, நான் பக்கத்தில் உட்கார்ந்து மூட்டையைத் தராசில் ஏற்றுவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் அடி அண்ணாமலைக் கிராமத்து விவசாயி. "டவுன்ல நல்லாக் காயில் கட்றவன் எவனாவது கீறானா?" என்று பொதுவாகக் கேட்டார். நான் அப்பளத்தைப் பொறுமையாக நொறுக்கினேன். எதிர் வரிசையிலிருந்து யாரோ என் பழைய முதலாளியின் கடையைச் சொன்னார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "நல்ல கடைதானா?" என்று கேட்டார். "ஆமாங்க, நல்ல கடைதான்" என்றேன்.

என் மனைவி பெண்கள் வரிசையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீடு வந்து சேரும்வரை பேசவில்லை. வந்த பிறகு நிறுத்தவில்லை.

"இன்னொரு வாட்டி பாயசம் கேக்கத் தெரியுது. 'நான்தாங்க காயில் கட்றவன்'னு சொல்ல வாய் வரலையா?"

"நம்மளப் பத்தி நாமளே எப்படிச் சொல்றது?"

"அப்ப உங்க பழைய மொதலாளி வந்து சொல்வாரா? அவருக்குத்தான் நீங்க சொல்லிட்டு வந்தீங்களே!"

கடைக்கு எதிரே ஒரு டீக்கடை. அதன் முதலாளி என் கடையில் நடப்பதை, அதாவது எதுவும் நடக்காததை, தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் டீயோடு யோசனையும் கொண்டுவந்தார்.

"காயில்காரரே, நீ வாயத் தொறக்க மாட்டே. மஞ்சப்பை அடிச்சிக் குடு. ஜவுளிக்கடைக்காரன்லாம் அதான் பண்றான். நம்ம ஜனங்க மஞ்சப்பை இல்லாம வாசப்படி தாண்டாதுங்க. பஸ்ஸு, சந்தை, கோர்ட்டு, ஆஸ்பத்திரி, எங்க போனாலும் உன் கடை பேரு கூடவே போவும். நீ பாட்டுக்கு உள்ளயே குந்திக்கலாம்."

கடைசியாகச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பையில் அச்சடிக்கிறவர், "ஒரு பக்கம் கடை பேரு. இன்னொரு பக்கம் சும்மா உட்டுடறதா?" என்று கேட்டார். சும்மா விட மனசு வரவில்லை. மலையையும் உச்சியில் தீபத்தையும் போடச் சொன்னேன். எங்கள் ஊரில் மலையே சாமி. கடைக்கும் நல்லது என்று நினைத்தேன்.

கார்த்திகை தீபத்தை ஒட்டி மாட்டுச் சந்தை கூடும். சுற்றுப்பட்டு விவசாயிகளெல்லாம் அங்கேதான் இருப்பார்கள். மனைவியும் நானும் ஆளுக்கொரு கட்டுப் பையோடு போனோம். யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்று நான் ஒரு புளியமரத்தடியில் நின்றேன். யாரும் கேட்கவில்லை. கையில் துணிக்கட்டு வைத்துக்கொண்டு மரத்தடியில் நிற்கிறவனிடம் யார்தான் என்ன கேட்பார்கள்? மனைவி மாடுகளுக்கு நடுவே புகுந்து போனாள். "அண்ணே, வாங்கிக்குங்க, மாட்டுக்கு இல்ல, மோட்டாருக்கு!" என்ற அவள் குரல் கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் கேட்டது. தன் கட்டை முடித்துவிட்டு வந்து, என் கட்டையும் வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரமே ஊரெல்லாம் எங்கள் பை. பஸ் நிலையத்தில் நின்று சந்தோஷமாக எண்ணினேன். பதினேழு பை தெரிந்தது. பதினேழிலும் மலைதான் தெரிந்தது. கடை பெயர் ஒன்றில்கூட இல்லை. அச்சடிக்கவே மறந்துவிட்டார்களோ என்று பயந்து, நின்றுகொண்டிருந்த ஒருவரின் காலோரம் குனிந்து பையின் மறுபக்கத்தைப் பார்த்தேன். பெயர் அங்கேதான் இருந்தது, அவர் காலைப் பார்த்தபடி.

"இன்னாத்தய்யா தேடறே?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்லீங்க. எட்டணா விழுந்துடுச்சு."

நல்ல மனுஷர். அவரும் என்னோடு குனிந்து தேடினார். அவர் பஸ் வரும்வரை விழாத எட்டணாவை இருவரும் தேடினோம்.

விஷயத்தைச் சொன்னதும் மனைவி தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். "பையத் தூக்கிகினு நடந்தா ஒரு பக்கம் தொடையில உரசும். எவனாவது சாமியத் தொடையில தேய்ப்பானா? உங்க கடையத்தான் தேய்ப்பான்."

அதற்குப் பரிகாரமாக மார்கழியில் இன்னொரு கட்டு அடித்தேன். இந்தத் தடவை சாமியே இல்லை. இரண்டு பக்கமும் கடை பெயர். எப்படிப் பிடித்தாலும் தெரிந்துதானே ஆகவேண்டும்? வாரச் சந்தையில் மனைவி எல்லாவற்றையும் கொடுத்தும் வந்தாள். தை பிறந்து பொங்கலும் போயிற்று. ரோட்டில் அந்தப் பை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"சாமி கீற பை ஊருக்குப் போவ. சாமி இல்லாத பை கருவாடு வாங்க" என்றார். "எங்க வூட்ல அடுப்புல இருந்து சட்டி எறக்கறதுக்கு வெச்சிருக்காங்க. நல்லா கெட்டித் துணி."

அதுவரை எனக்கு வந்த வேலை ஓர் ஆபீஸ் ஃபேனும் ஒரு மாவு மிஷின் மோட்டாரும்தான். பங்குனி பிறந்ததும் மச்சானிடமிருந்து கார்டு வந்தது. தான் சொன்னது நினைவிருக்கட்டும், ஒன்றும் அவசரமில்லை, எப்போது வருகிறாய் என்று எழுதியிருந்தார். அவசரமில்லை என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தார்.

மறுநாள் காலை கடையைப் பூட்டினேன். "போய் அண்ணன்கிட்ட பேசிட்டு வாங்க" என்ற மனைவி, "பேசறது எங்க, தலையாட்டிட்டு வாங்க" என்றாள். வழக்கமாக இப்படிச் சொன்னால் சிரிப்பாள். அன்று திரும்பிப் பாத்திரம் விளக்கப் போய்விட்டாள்.

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தார். மடியில் எங்கள் பை. மலை மேல்பக்கமாக இருந்தது. கண்டக்டர் தெரிந்தவர் போலிருக்கிறது. டிக்கெட் வாங்கும்போதே பெரியவர் ஆரம்பித்துவிட்டார்.

"மோட்டாரு பூடுச்சுப்பா. கரண்டு கம்மியா வந்து வந்து கருகிடுச்சு. டவுன்ல கேட்டா பத்து நாளு ஆவும்ன்றான். மல்லாட்டை காய் பிடிக்கிற நேரம். பத்து நாளைக்குத் தண்ணி காட்டலன்னா செடி சுருண்டுடும்."

மல்லாட்டை என்பது நிலக்கடலை. பத்து நாள் தண்ணீர் இல்லாவிட்டால் அவர் சொன்னது நடந்துவிடும். என்னால் இரண்டு நாளில் கட்டிவிட முடியும். இதை நான் சொல்ல வேண்டும். இரண்டு நிறுத்தங்கள் போயின. மில் நெருங்கிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியதெல்லாம் அந்தப் பையின் மறுபக்கத்தில் அச்சாகி இருக்கிறது, அவர் படித்தால் போதும் என்று தோன்றியது. மெதுவாகக் கையை நீட்டி, அவர் மடியிலிருந்த பையைப் புரட்டிவிட்டேன்.

"யோவ்!" என்று அவர் போட்ட சத்தத்தில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "இன்னாய்யா பண்றே? சாமியக் கவுக்கறே!"

"பெரியவரே, மொதல்ல பையில காசு கீதா பாரு" என்றார் கண்டக்டர். பின்சீட்டிலிருந்து இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஓர் அம்மாள் தன் பையை இறுக்கிக்கொண்டாள்.

"பின்பக்கம்... பின்பக்கம் படிச்சிப் பாருங்க" என்றேன்.

"எனுக்குப் படிக்கத் தெரியாது. நீயே சொல்லு!"

வேறு வழியே இல்லை. எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மொத்த பஸ்ஸுக்கும் கேட்கும்படி சொன்னேன். "அது என் கடைங்க. நான்தாங்க காயில் கட்றவன். பதினோரு வருஷமாக் கட்றேன். நல்லாக் கட்டுவேன். உங்க மோட்டாரக் குடுங்க, நாளன்னிக்கு ஓடும்."

 பையை இறுக்கிக்கொண்ட அந்த அம்மாள்தான் முதலில் கேட்டாள். "இத மொதல்லியே வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாய்யா?"

பஸ்ஸே சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. பையை நிமிர்த்தி மலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாளன்னிக்கு ஓடலன்னா?"

"கூலி வேணாங்க."

"கூலிய உடு. ஓடலன்னா இதே பஸ்ஸுல உன்னக் கவுத்துடுவேன். எறங்கு."

அவர் ஊர் கீழ்பென்னாத்தூருக்கு நாலு மைல் முன்னால். அங்கேயே இறங்கினேன். அவர் மாட்டு வண்டியில் மோட்டாரோடு மாலைக்குள் திருவண்ணாமலை வந்து சேர்ந்தேன். பூட்டைத் திறந்து உட்கார்ந்தவன் மறுநாள் சாயங்காலம்தான் எழுந்தேன். சொன்ன நாளில் கிணற்றில் மோட்டார் ஓடியது. கால்வாயில் தண்ணீர் போவதைப் பார்த்த பிறகுதான் பெரியவர் என்னிடம் சிரித்தார்.

ஆனால் எனக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது அந்த மோட்டாரைவிட அந்த பஸ்தான். அதில் வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் இறங்கி நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் ஒருவர் வண்டியில் மோட்டாரோடு வந்து, "பஸ்ஸுல சாமியக் கவுத்தாராமே, அவரு கடை எது?" என்று டீக்கடையில் கேட்டார். டீக்கடைக்காரர் கையைக் காட்டினார். கடை பெயரை அவர்களில் யாரும் கடைசிவரை சொல்லி நான் கேட்டதில்லை.

பங்குனி முடிய நாலு நாள் இருக்கும்போது மச்சான் வந்தார். வாசலில் நாலு மோட்டார் கிடந்தன, பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மோட்டார்களைக் காலால் லேசாகத் தட்டிப் பார்த்தார்.

"சரி மாப்ள, எடை போட வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார்.

பிறகு பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்து, அந்த மூன்று பேருக்கும் பஸ் கதையைத் தானே கூட இருந்தது போலச் சொன்னார். அவர் சொன்னதில் நான் மூன்று தடவை சாமியைக் கவிழ்த்தேன், போலீஸும் வந்தது. நான் திருத்தவில்லை.