அழ வைத்த எர்மின்

மேடை ஒருநாளும் எர்மின் ஜோசஃபைத் தேடி வந்ததில்லை. அவள்தான் அதன் பின்னாலேயே அலைந்தாள். செயின்ட் லூசியா தீவிலிருந்து டொராண்டோவுக்கு வந்தவள், பகலில் பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவிவிட்டு மாலையில் ஒத்திகைக்கு ஓடுவாள். கிடைத்ததெல்லாம் உப்புக்குச் சப்பாணி வேடம். நர்ஸாக வந்து "டாக்டர் வர்றார்" என்பாள்; யாருக்கோ தாயாக வந்து இரண்டாம் காட்சியில் செத்துப்போவாள். ஐம்பது வயது வரை இதே பிழைப்பு.

பிறகு வார்னெட்டா கூப்பிட்டாள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் தலைமுறை தலைமுறையாக வேர்விட்ட கறுப்பினக் குடும்பத்துப் பெண். எக்லிண்டன் தெருவில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், பல ஊர்க் கறுப்பினப் பெண்களைச் சேர்த்து நாடகம் போடுகிறவள். ஒருத்தி தன் வீட்டுக் கதையைத் தன் மொழியில் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவள் அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஜோடி ஜோடியாகத் தனியே ஒத்திகை. மற்றவர்கள் மேடையில்தான் முதல்முறை கேட்பார்கள்.

எர்மினுக்கு ஜோடி, ஹைட்டியிலிருந்து வந்த மிர்லாந்த். அவளுக்கு பிரெஞ்சு கலந்த கிரியோல் மொழிதான் பேச்சு. ஆங்கிலம் கடைக்கும் பேருந்துக்கும் போதுமான அளவு. எர்மின் ஊர்க் கிரியோலும் கிட்டத்தட்ட அதேதான். குழுவில் வேறு யாருக்கும் அது தெரியாது. அந்த மொழியைப் பேசியதற்காகச் சிறுவயதில் டீச்சரிடம் அடி வாங்கிய எர்மினுக்கு, அதுவே இப்போது மேடையின் நடுவில் இடம் பிடித்துக் கொடுத்தது.

மிர்லாந்தின் கதை சின்னது. புயலில் கூரை பறந்துபோன வீட்டுக்குப் பாதிரியார் ஆறுதல் சொல்ல வருகிறார். "கடவுளே உன் வீட்டுக்குள்ள வந்து பாத்துட்டுப் போயிருக்காரு மகளே" என்கிறார். ஹைட்டியில் விருந்தாளி வாசலில் நின்று "ஒனே" என்று குரல் கொடுக்காமல் உள்ளே நுழைய மாட்டார். மிர்லாந்தின் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாளாம்: "வந்தவரு வாசல்ல நின்னு 'ஒனே'ன்னு ஒரு குரல் குடுத்திருந்தா நானே கதவைத் தொறந்திருப்பேனே சாமி! எதுக்குக் கூரையைப் பிச்சுக்கிட்டு வரணும்?"

ஒத்திகையில் இதைக் கேட்டு எர்மின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் முதல் நாள் மேடையேறி அத்தனை முகங்களும் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் அவளுக்குப் புத்தி பேதலித்தது. ஆங்கிலத்தில் சொல்லும்போது கதைக்குக் கண் காது மூக்கு வைத்தாள். பிள்ளைகள் பசியில் சுருண்டு கிடந்தார்கள். அம்மா வானத்தைப் பார்த்து, "ஆண்டவரே, எடுத்துக்கொள்ள என்னிடம் இன்னும் என்ன மிச்சம்?" என்று கதறினாள். முன்வரிசை மூக்கைச் சிந்தியது.

"கலக்கிட்டடி எர்மின்! இத்தனை வருஷமா எங்கடி ஒளிச்சு வெச்சிருந்த இதை?" என்று வார்னெட்டா கட்டிக்கொண்டாள். ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? மறுநாளும் அதே அழுகை. அதற்கடுத்த நாள் கதையில் ஒரு பிள்ளையைச் சாகடித்தே விட்டாள்.

வாரக் கடைசியில், ஒப்பனை அறையில் மிர்லாந்த் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, இனிமே நான் வரல."

"ஏன்டி, என்னாச்சு?"

"எங்க ஊர்ல இதைச் சொன்னா சனம் உருண்டு பொரண்டு சிரிக்கும். இங்க அழுவுறாங்க. கண்ணாடி முன்னாடி நின்னு, கையை இப்பிடி வெச்சு, அப்பிடி வெச்சு, சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். எங்கம்மாவை அவ இருந்த மாதிரி நிறுத்த எனக்குத் தெரியல. நீ பாவம், உசிரைக் குடுத்துச் சொல்ற. கோளாறு எங்கிட்டதான்."

எர்மினுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒருத்தியின் அம்மாவைத் திருடியது போதாதென்று, அந்தப் பழியையும் அவள் தலையிலேயே கட்டியாகிவிட்டது. இதோ, இப்போதே சொல்லிவிடலாம்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் சொல்லு" என்றாள். அவ்வளவுதான் வந்தது.

அன்று எர்மின் ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அரங்கம் ஒரு கணம் திகைத்தது. பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வெடித்தது. கூடம் முழுக்க அது பற்றிக்கொண்டது. அடுத்த வரிக்கு வாய் திறந்த மிர்லாந்த் அப்படியே நின்றாள். முகம் மலர்ந்தது. சிரிக்கிறவர்களை ஆசை தீரப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி எர்மினைப் பார்த்தாள். மிர்லாந்தின் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"இத்தனை நாளா எங்கம்மாவை என்னன்னுக்கா சொன்ன?" என்று தன் கிரியோலிலேயே கேட்டாள்.

எர்மின் தலையைக் குனிந்துகொண்டாள். சிரித்து ஓய்ந்த கூட்டம், அவள் அதையும் ஆங்கிலத்தில் சொல்வாள் என்று காத்திருந்தது.