அளவுக்கு ஒன்று, மாடலுக்கு ஒன்று

என் தோழிக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று அவளைவிட நான்தான் அதிகமாகத் துள்ளினேன். மாப்பிள்ளை என்ன படிப்பு, என்ன உத்தியோகம் என்று தெருவே அவளைத் துளைத்தெடுத்தது. நான் கேட்ட முதல் கேள்வி, "கல்யாணத்துக்கு நாம என்னா பொடவ கட்டப் போறோம்?" என்பதுதான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அறுபதுகளின் நடுப்பகுதி. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அவள் வீடும் என் வீடும் அடுத்தடுத்து இருந்தன. எனக்கு இருபத்திரண்டு வயது. வீட்டில் ஒரு தையல் மெஷின் இருந்தது. தெருப்பெண்கள் எல்லாருக்கும் நான்தான் ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். அம்மா ஜாஸ்தி என்பாள். தெருவில் யாராவது தொளதொளவென்று ரவிக்கை போட்டுப் போனால் எனக்குக் கை பரபரக்கும். கூப்பிட்டு நிறுத்தி, அக்குளில் ரெண்டு தையல் போட்டு அனுப்பினால்தான் மனசு அடங்கும்.

அந்த வருஷம் ஊரே நைலான் புடவைக்குப் பைத்தியம் பிடித்து அலைந்தது. தோய்த்துக் கொடியில் போட்டுவிட்டு, காபி குடித்து வருவதற்குள் காய்ந்துவிடும், இஸ்திரியே வேண்டாம். வைகாசி முகூர்த்தத்தில் அதைக் கட்டிக்கொண்டால் உடம்பு வெந்துபோகும் என்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நானும்தான் படவில்லை. வாடாமல்லி நிறத்தில், வெள்ளைப் புள்ளி போட்ட ஒன்றை அம்மாவிடம் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து வாங்கினேன். மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டேன், ஆனாலும் வாங்கிக் கொடுத்தாள்.

புடவையைவிட எனக்குப் பெருமை என் கைப்பையில்தான் இருந்தது. அம்மாவின் கல்யாணக் கூரைப்புடவை மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது. முந்தானை மட்டும் இன்னும் கெட்டியாக இருந்தது. கூரைப்புடவைக்கென்றே உள்ள அந்த அரக்கு நிறம் வேறு எந்தத் துணியிலும் வராது. கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கி, வெட்டி, உள்ளே லைனிங் கொடுத்து ஒரு பை தைத்தேன். பழைய டவுனில் பாய் கடையில் கண்ணாடி மணிகள் கிடைத்தன. "பினாங்குலேர்ந்து எங்க மச்சான் அனுப்புனதும்மா, தண்ணி பட்டாலும் சாயம் போவாது" என்று பாய் உள்ளங்கையில் கொட்டிக் காட்டினார். முன்னும் பின்னும் ஒரு கொடி, கொடி நிறையப் பூ, ஒவ்வொரு பூவுக்கும் ஐந்து மணி. மூன்று மாதம் கோத்தேன். முடித்த அன்று அந்தப் பையை மாட்டிக்கொண்டு வேலையே இல்லாமல் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்தேன்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் சிதம்பரத்திலிருந்து மாப்பிள்ளையின் தங்கை, ஒரு பெரியம்மாவோடு வந்தாள். அளவு ரவிக்கை வாங்கிப்போகத்தான் வந்தாள். தாலி கட்டும்போது பெண் கட்டுகிற கூரைப்புடவையும் அதற்கான ரவிக்கையும் மாப்பிள்ளை வீட்டுச் செலவு. ரவிக்கையை அவர்கள் ஊர் டைலரே தைப்பார். அதற்குப் பெண்ணின் பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொடுத்தனுப்புவார்கள். அந்த வீட்டில் இன்னும் ஒரு படி மேலே. கூரைப்புடவையை மணவறைக்கு வருவதற்கு முன்னால் பெண் கண்ணால்கூடப் பார்க்கக் கூடாது. தாலி ஏறும்போது பிறந்த வீட்டு நூல் ஒன்றுகூட அவள் மேல் இருக்கக் கூடாது. பெரியம்மா இதை இரண்டு தடவை சொன்னார்.

என் தோழி பெட்டியிலிருந்து ஒரு மஞ்சள் ரவிக்கையை எடுத்து வந்தாள். முன்பக்கம் கொக்கி, முழங்கை வரை புஃப் கை, கழுத்தை நெரிக்கிற கழுத்து. எனக்கு வந்ததே கோபம். போட்டோவெல்லாம் எடுக்கப் போகிறார்கள், இப்படி ஒரு ரவிக்கையிலா இவள் மணவறையில் உட்காருவாள்? வீட்டுக்கு ஓடினேன். நான் எனக்காகப் புதிதாகத் தைத்த வெள்ளை ரவிக்கையை எடுத்து வந்தேன். அகலக் கழுத்து, பின்பக்கம் கொக்கி, சிக்கென்று குட்டைக் கை. இரண்டையும் ஒரே பையில் போட்டு மாப்பிள்ளையின் தங்கையிடம் கொடுத்தேன்.

"மஞ்சள் அளவுக்கு, வெள்ளை மாடலுக்கு. டைலர்கிட்ட சொல்லிடும்மா" என்றேன்.

"சரிங்கக்கா" என்று தலையாட்டினாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். மறுபடி ஒரு தடவை சொல்லியிருக்கலாம். ஆனால் நான் அப்போது என் சாமர்த்தியத்தை நினைத்து மனசுக்குள் எனக்கே சபாஷ் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அப்போது நான் ஈர்க்குச்சி. என் தோழி பூசினாற்போல நல்ல உடம்பு.

கல்யாணத்துக்கு முந்தின நாள் பாசஞ்சர் ரயிலில் கூட்டமாகச் சிதம்பரம் போய் இறங்கினோம். கீழவீதியில் கல்யாணச் சத்திரம். விடிந்ததும் ஒரே அமர்க்களம். எங்கு திரும்பினாலும் புடவை, புடவை, புடவை! நான் சத்திர வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்களை ஒருவர் விடாமல் அளந்துகொண்டிருந்தேன். பெண்ணாடத்திலிருந்து வந்த மாமாவின் பெண்கள் நாலு பேரும் ஒரே பீஸில் வெட்டிய கிளிப்பச்சைத் தாவணியில் வந்தார்கள். திட்டக்குடிச் சித்தப்பா மெல்லிசு டெர்லின் சட்டைப்பையில் ரூபாய் நோட்டு வெளியே தெரியும்படி வைத்திருந்தார். பழைய டவுன் பாய் வீட்டம்மா வெள்ளை ஜார்ஜெட்டில் வந்து இறங்கியபோது நான் கொஞ்ச நேரம் வாயை மூடவில்லை. அந்தம்மாவோ நேராக என் பையைப் பார்த்து, "மாஷா அல்லா, எங்க கடை மணியா இது?" என்று வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஓமப்புகை எழுந்தது. கூரைப்புடவையைத் தாம்பாளத்தில் வைத்துச் சபையைச் சுற்றி எடுத்து வந்தார்கள். ஒவ்வொருவரும் தொட்டு வாழ்த்தினார்கள். நானும் தொட்டேன். அரக்குப் பட்டு, அகல ஜரிகை. அதன் கீழே ரவிக்கை மடித்து வைத்திருந்தது. எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று பார்க்க விரல் துடித்தது. பார்க்கவில்லை. தாம்பாளத்தை என் தோழி வாங்கிக்கொண்டு உடை மாற்ற உள்ளே போனாள். கூடவே மாப்பிள்ளையின் தங்கை போனாள்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அறைக் கதவு விரல்கடை திறந்தது. மாப்பிள்ளையின் தங்கை என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைத் தாழ்போட்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

என் தோழி அறை நடுவில் நின்றாள். ரவிக்கைக்குள் இரண்டு கையையும் எப்படியோ நுழைத்துவிட்டாள். முன்பக்கம் இரண்டு ஓரமும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. நடுவில் நாலு விரல் இடைவெளி. முன்பக்கம் கொக்கி. முழங்கை வரை புஃப் கை. கழுத்தை நெரிக்கிற கழுத்து. எனக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. மாடல் அவளுடைய மஞ்சள் ரவிக்கை, அளவு என்னுடைய வெள்ளை ரவிக்கை.

"இன்னாடி இது?" என்றாள் என் தோழி. கண் நிறைந்துவிட்டது.

"நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்" என்று மாப்பிள்ளையின் தங்கை அழ ஆரம்பித்தாள். "ஊட்டுக்குப் போறதுக்குள்ள எது எதுக்குன்னு மறந்துபோச்சு. புதுசா இருக்கறதுதானே இப்ப ஒடம்புக்குச் சரியா இருக்கும், அதான் அளவுன்னு நெனச்சேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். மொத மொதல்ல எங்கிட்ட ஒரு வேல குடுத்தாங்க. கல்யாணத்தன்னிக்கே கூரை சேரலன்னா அபசகுனம்னு அண்ணிய வேற பேசுவாங்க."

வெளியே ஐயர் குரல் கேட்டது. "முகூர்த்தம் முடிய இன்னும் கால் மணிதான் இருக்கு, பொண்ண அழைச்சிண்டு வாங்கோ." என் தோழியின் பெட்டியில் வேறு ரவிக்கைகள் இருந்தன. எல்லாமே பிறந்த வீட்டு நூல்.

அந்தச் சின்னப்பெண் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். அவளே பழியை எடுத்துக்கொண்டாள், எனக்கு வசதிதான். வெட்கமில்லாமல் ஒரு கணம் அப்படி நினைக்கவும் நினைத்தேன். ஆனால் அவள் சொன்னதில் இருந்த நியாயம் என் மூஞ்சியில் அறைந்தது. புதுசுதான் உடம்புக்குச் சரியாக இருக்கும் என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்? உலகத்தில் எந்த வீட்டிலாவது அளவுக்கு இரண்டு ரவிக்கை கொடுத்தனுப்புவார்களா?

"அழாத. தப்பு உன்னுது இல்ல" என்றேன். "ரெண்டு ரவிக்க குடுத்தனுப்புனவ நான். என் ஃபேஷன் பவிசுக்கு இவ மாட்டிக்கிட்டா. உங்கம்மா கேட்டா நானே சொல்றேன். ரெண்டு பேரும் கண்ணத் தொடச்சிக்கோங்க. கழட்டுடி அத."

என் கைப்பையில் எப்போதும் ஊசியும் நூலும் இருக்கும். பூ ஜடை தைத்தவர்கள் விட்டுப்போன பாதி பிளேடு ஒன்று ஜன்னலில் கிடந்தது. ரவிக்கையின் இரண்டு பக்கத் தையலையும் பிளேடால் பிரித்தேன். உள்ளே பிடித்துவிட்ட துணி இருந்தால் அதை இறக்கி அகலப்படுத்திவிடலாம். அந்த டைலர் அரை விரல்கூட விடவில்லை. அகலப்படுத்த வேறு துணி வேண்டும். அரக்குப் பட்டாக இருக்க வேண்டும். அறையில் சுற்றிப் பார்த்தேன். அரக்குப் பட்டு என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

பொய் சொல்ல மாட்டேன், மூன்று மாதமும் கண்முன் வந்து நின்றது. "ஏய், வேணாண்டி" என்று என் தோழி கையை நீட்டினாள். அவள் கை என்னிடம் வருவதற்குள் பிளேடு பைக்குள் இறங்கிவிட்டது.

மணிகள் கொட்டின. சிமெண்டுத் தரையில் சடசடவென்று நாலா பக்கமும் ஓடின. பையின் இரண்டு முகத்தையும் மூன்று மூன்று விரல் அகலத்துக்கு நீளப் பட்டையாகக் கிழித்தேன். அதற்கு மேல் மணி உருவ நேரமில்லை. துணியில் மீந்த மணிகள் வெளியே தெரியாமல் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பிவிட்டேன். அப்போதுதான் எனக்கு அந்தப் பெரியம்மாவின் பேச்சு ஞாபகம் வந்தது.

"பொறந்த ஊட்டு நூல் கூடாதுன்னாங்களே?" என்றேன்.

மாப்பிள்ளையின் தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். "இது அண்ணி பொறந்த ஊட்டு நூல் இல்லியே. உங்க பொறந்த ஊட்டு நூல்தான? அதப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்றாள். அந்த நேரத்திலும் எங்கள் மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒனக்குத் தைக்கத் தெரியுமா?"

"பெருந்தையல் போடுவேன்க்கா."

"போதும். இந்தப் பக்கம் நீ. அந்தப் பக்கம் நான்."

இரட்டை நூல் கோத்து, ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்து தைத்தோம். அவள் இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டாள். வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு மறுபடி தைத்தாள். வெளியே நாதஸ்வரம் தாலிக்கு முந்தின பாட்டுக்கு வந்துவிட்டது. கதவைத் தட்டினார்கள், பிறகு இடித்தார்கள். "வர்றோம், வர்றோம்!" என்று என் தோழி உள்ளேயிருந்து கத்தினாள். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தேன். ரவிக்கையைப் போட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கொக்கியை மாட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் மாட்டின! நான் அவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே குதித்தேன்.

"அக்குள்ல குத்துதுடி" என்றாள்.

"மணி. பொறுத்துக்கோ. கைய ஒட்டி வைக்காத."

அதனால்தான் கல்யாணப் போட்டோ எல்லாவற்றிலும் அவள் இரண்டு கையையும் உடம்பில் படாமல் கொஞ்சம் விலக்கியே வைத்திருக்கிறாள். கர்வம் பிடித்த பெண்ணோ என்று மாப்பிள்ளை வீட்டில் சிலர் பேசிக்கொண்டார்களாம். தாலி ஏறியபோது நான் மணவறைக்குப் பக்கத்தில் நின்றேன். நாத்தனார் முடிச்சைப் போட்ட அந்தச் சின்னக் கை விரலில் இன்னும் ஒரு பொட்டு ரத்தம் இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அழுதேன், மை கரைந்து புதுப் புடவையில் விழுந்தது.

முதல் பந்தி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் ஒடம்புக்கு அளவெடுத்தா யாருக்கும்மா பத்தும்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, இலைக்கு உட்காராமல் நின்றவளை இழுத்து உட்காரவைத்துப் பாயசம் ஊற்றச் சொன்னார்.

ரயிலுக்குக் கிளம்பும்போது மாப்பிள்ளையின் தங்கை ஓடி வந்தாள். ஒரு கைக்குட்டை முடிச்சை என் கையில் வைத்தாள். உள்ளே கண்ணாடி மணிகள். "பாய்க்கு அடியில, பொட்டிக்கு அடியில, எல்லா எடத்துலயும் பொறுக்கிட்டேன்க்கா" என்றாள். நான் அவள் கன்னத்தைக் கிள்ளினேன்.

அடுத்த வருஷம் தை மாதம் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகையோடு எனக்குத் தனியாக ஒரு பார்சல் வந்தது. அவளுக்கு வரப்போகிற மாப்பிள்ளை வீட்டாரிடம் சண்டை போட்டு, கூரை ரவிக்கையைக் கடலூரில்தான் தைக்க வேண்டும் என்று சம்மதிக்க வைத்திருந்தாள். பார்சலில் அவர்கள் கொடுத்த அரக்குப் பட்டுத்துணி இருந்தது. அதன் மேல் அவளுடைய ரவிக்கை ஒன்றே ஒன்று. அதில் ஒரு சீட்டைக் குண்டூசியால் குத்தியிருந்தாள்.

"அக்கா, அளவும் இதுதான், மாடலும் இதுதான். அக்குளில் மட்டும் உங்கள் மணி இரண்டு வைத்துத் தையுங்கள்."

நான் மெஷினைத் திறந்துவிட்டு, அந்தக் கைக்குட்டை முடிச்சைத் தேடி எடுத்தேன்.