பெண் பார்க்க வந்த அன்று அப்பா கிளம்பிப் போனார்

போன வாரம் எங்கள் தெருவில் ரத்ததான முகாம். குத்துவிளக்கு ஏற்ற என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எழுபதைத் தாண்டியவளிடம் ரத்தமா எடுப்பார்கள்? அதனால் விளக்கு.

மைக் பிடித்த பெண் கேட்டாள்: “மேடம், உங்க ஃபேமிலில யாராவது பிளட் டொனேட் பண்ணியிருக்காங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கல்யாணமே அப்படி நடந்ததுதானே…

அப்பா சவரிமுத்து, எழுபதுகளில் தூத்துக்குடி துறைமுகத்தில் விஞ்ச் டிரைவர். கப்பலிலிருந்து சரக்கைத் தூக்கி இறக்குகிற வேலை. நாங்கள் மூன்று பெண்கள். ஷிப்ட் முடிந்து வந்தால் கையைக் கழுவிவிட்டு, மூவருக்கும் வரிசையாகச் சடை பின்னுவார். காய்த்துப்போன கை, ஆனால் ஒரு முடி வலிக்காது.

கடைசித் தங்கை பிறந்தபோது அம்மாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு லாரி டிரைவர் ரத்தம் கொடுத்துவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் லோடோடு போய்விட்டார். அப்பா அவரை எங்கெங்கோ தேடினார். கிடைக்கவில்லை.

பிறகு தேடுவதை விட்டார். கூட வேலை பார்த்தவர்களை ரத்த வகை பார்க்க அழைத்துப் போக ஆரம்பித்தார்.

“ரத்தம் குடுத்தா மூட்டை தூக்கத் தெம்பு இருக்காதே” என்று பயந்தார்கள். அப்பா வாதாடவில்லை. தான் கொடுத்துவிட்டு, மறுநாள் வழக்கம்போல் வேலைக்கு வந்து நின்றார். ஒருவர், இருவர் என்று சேர்ந்தார்கள். யாருக்கு எந்த வகை, வீடு எங்கே என்று ஒரு நோட்டு நிறைந்தது. ரத்தம் வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியிலேயே எங்கள் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்புவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஆலந்தலையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளை அந்தோணிக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. லீவில் வந்திருந்தார்.

நான் காபித் தட்டோடு வருகிறேன்… ஒருவர் வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவருகிறார். சாத்தான்குளத்து மளிகைக்கடைக்காரராம்.

“அண்ணாச்சி, வீட்டுக்காரியப் பிரசவத்துக்குச் சேத்திருக்கேன். மூணு பாட்டில் ரத்தம் உடனே வேணுமாம். பி பாசிட்டிவ். இங்கன எனக்கு யாரையும் தெரியாது.”

அப்பா நோட்டை எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் வந்தார். “மன்னிச்சிக்கிடுங்க. நான் போகணும்.”

“பேசிக்கிட்டு இருக்கையிலயா? ஒரு மணி நேரம் பொறுக்கக் கூடாதா?”

“அந்தப் பிள்ளைக்குப் பொறுக்காதுங்க.”

“நீங்க போங்க” என்றாள் அம்மா. “இவுகளை நான் பாத்துக்கிடுதேன்.”

சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன். பொய் சொல்வானேன், அப்பாமேல் கோபம்தான் வந்தது. இந்த ஒரு நாளாவது வேறு யாரையாவது அனுப்பக் கூடாதா?

அப்போது அந்தோணி எழுந்தார். “நானும் வாரேன் மாமா. என் ரத்தம் என்ன வகைன்னு தெரியாது. பாத்துச் சொல்லட்டும்.”

“ஏலே, நீ பொண்ணு பாக்க வந்தியா, ரத்தம் குடுக்க வந்தியா?” என்றார் அவர் தகப்பனார்.

அந்தோணி செருப்பை மாட்டிக்கொண்டு அப்பா பின்னால் போய்விட்டார்.

நோட்டில் இருந்தவர்களில் இரண்டு பேர்தான் வீட்டில் அகப்பட்டார்களாம். மூன்றாவது பாட்டில்… அந்தோணியின் ரத்தம் பொருந்தியது.

பொழுது சாயும்போது இருவரும் திரும்பினார்கள். அதுவரை அம்மா கொடுத்த எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் தகப்பனார், முதலில் கேட்டது இதைத்தான்: “அந்தப் பிள்ளை எப்படி இருக்கு?”

“பொம்பளப் பிள்ளை பொறந்திருக்கு. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க” என்றார் அப்பா.

மாப்பிள்ளையின் தகப்பனார், அம்மா வைத்திருந்த தட்டிலிருந்து ஒரு பலகாரத்தை எடுத்துக்கொண்டார். பிறகு, “அப்போ தேதி பேசுவோம்” என்றார்.

ஊருக்கு ஓடுகிறவன் வீட்டைக் கவனிக்க மாட்டான் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அப்பா நோட்டை மூடவில்லை. எங்களுக்கும் எதிலும் குறை வைக்கவில்லை. யாருக்கோ ஓடிய அதே கால்தான் எங்களுக்காகவும் ஓடியது.

அன்றைக்கு என்னைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்று என் வீட்டுக்காரர் இன்றும் குறைப்படுகிறார். அதனால் என்ன… நான்தான் நன்றாகப் பார்த்துவிட்டேனே.