நடுச்சுவர் வெடிப்பு

என் கொழுந்தன் மனைவிக்கு எது கிடைத்தாலும் எனக்கு வயிறு எரியும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அப்படித்தான். அவள் வைத்த முருங்கை கொத்துக் கொத்தாகக் காய்க்கும், நான் வைத்ததில் கம்பளிப்பூச்சிதான் ஏறும். என்னைப் பார்த்தால் மட்டும் "அக்கா, அக்கா" என்று அப்படி உருகுவாள். அதைக் கேட்டால் இன்னும் எரியும்.

உச்சிப்புளியில் அண்ணனும் தம்பியும் ஒரே மனையில் இரண்டு வீடுகளை ஒட்டிக் கட்டினார்கள். நடுவில் ஒரே சுவர், இரண்டு வீட்டுக்கும் பொது. மாடியில் ஆளுக்கொரு தகர அறை. இரண்டு தகரமும் அந்தச் சுவர்மேல்தான் உட்கார்ந்திருந்தன. கடனும் ஒரே வங்கியில், ஒரே நாளில் வாங்கியது. கடனோடு வீட்டுக்கு இன்சூரன்ஸும் போட்டுவிட்டார்கள். வருஷா வருஷம் வங்கியே அதைக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளும். எதற்கு என்று நான் கேட்டதே இல்லை.

அவளுக்கு முன்னால் கடனை முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. என் சங்கிலியை விற்று முடித்தேன். பத்திரம் கைக்கு வந்த அன்று கேசரி கிண்டி, முதல் கிண்ணத்தை அவளுக்குத்தான் கொண்டுபோனேன். அவள் சந்தோஷமாக வாங்கித் தின்றாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்குக் கேசரியே கசந்துவிட்டது.

கொஞ்ச நாளில் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. கடன் முடிந்துவிட்டதால் இன்சூரன்ஸை இனி நீங்களே புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலுக்கு அடியில் வைத்தேன். இவளுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, துணி காயப்போடும்போது கேட்டாள்.

"அக்கா, இன்சூரன்ச விட்டுராதீக. கடக்கரையில குடியிருக்கோம்."

"அதெல்லாம் கடன்காரவுகளுக்குப்புள்ள. எங்களுக்கு எதுக்கு?"

அவள் முகம் சுண்டிப்போனது. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இரண்டு கை கூடவே இறங்கியது.

கார்த்திகையில் புயல் வந்தது. காலையில் நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது கொல்லைத் தென்னை முறிந்து நடுச்சுவர் உச்சியில் விழுந்தது. இரண்டு பக்கத் தகரமும் பிய்ந்துபோனது. சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்து, அதன் வழியாகத் தண்ணீர் இறங்கியது. தையில் என் மகள் தலைப்பிரசவத்துக்கு வருவதாக இருந்தாள். அவளுக்கென்று வெள்ளையடித்து வைத்திருந்தது அந்த மாடி அறையைத்தான்.

என் வீட்டுக்காரர் வங்கிக்கு ஓடினார். திரும்பி வந்தவர் நேராகக் கட்டிலைத் தூக்கி, கடிதத்தை உருவி நின்றபடியே படித்தார்.

"ஏண்டி, இது கட்டிலுக்கா வந்துச்சு?"

தகரத்தை அவரே எப்படியோ ஒட்டுப்போட்டு மூடினார். சுவரைத்தான் தொட முடியவில்லை. இடித்துக் கட்டினால்தான் ஈரம் நிற்கும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். அதற்கு விற்க என்னிடம் இன்னொரு சங்கிலி இல்லை.

ஒரு வாரம் கழித்து சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். கடன்காரிக்கு! பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு அவள் மாடியை அங்குலம் அங்குலமாகப் போட்டோ எடுத்தார். நான் என் மாடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பொறுக்க முடியவில்லை.

"சார், இங்கனயும் ஒண்ணு எடுங்க."

"உங்க பாலிசி நம்பர் சொல்லுங்கம்மா."

அவள் அவருக்கு டீ போடக் கீழே இறங்கினாள். அவர் வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மழையில் ஊறி அது கறுத்துப்போயிருந்தது.

"இது புயல்ல வந்ததா, முன்னாடியே இருந்துச்சாம்மா?"

"அது பழசு சார். ரொம்ப நாளா இருக்கு."

யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் எழுதிக்கொண்டார். அவள் டீயோடு ஏறி வந்தபோது எனக்கும் ஒரு தம்ளர் கொண்டுவந்தாள். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் காலை, கோலமாவு கையோடு நான் வாசலில் நிற்கும்போது அவள் போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, தகரத்துக்கு மட்டும்தான் குடுத்துருக்காக. செவுரு பழைய வெடிப்பாம். தள்ளிட்டாக."

"அடப்பாவிகளா!" என்றேன். வயிற்றுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

அவள் வாசல்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். இதற்குப் போய் இந்த அழுகையா என்று பார்த்தேன்.

"எனக்காக இல்லக்கா. பொதுச் செவுருதானே, அதுக்கு வந்துச்சுன்னா உங்க ரூமும் காஞ்சிரும்ல. பெத்த ஒடம்போட பிள்ள ஈரத்துல படுக்கக் கூடாதேன்னு, அந்தாளுகிட்ட செவுத்தத்தான் மொதல்ல காட்டுனேன். தகரம் கெடக்கு சார், செவுத்துக்கு எழுதுங்கன்னு கெஞ்சுனேன்."

கோலமாவு என் விரலிடுக்கில் வழிந்துகொண்டிருந்தது. ஒரே சுவர். பதினோரு வருஷமாக இரண்டு பக்கமும் குடியிருக்கிறோம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பழசுன்னு எவன் எழுதுனானோ, அவன் வெளங்குவானாக்கா?"

"வெளங்க மாட்டான்புள்ள," என்றேன்.

அவள் போனபிறகு மாடிக்கு ஏறி, மகளின் கட்டில் போட வேண்டிய இடத்தில் சுவர்மேல் கை வைத்துப் பார்த்தேன். இன்னும் காயவில்லை. தை பிறக்க ஐந்து நாள் இருந்தது.