எங்கள் வாய்க்காலுக்கு வந்த வியாழக்கிழமை

அந்தத் தீர்ப்பை நியாயம் என்று நினைத்துத்தான் அப்பா ஏற்றுக்கொண்டாரா, இல்லை, மகள் சொன்ன சொல் நாலு பேர் முன்னால் விழுந்துவிடக் கூடாது என்று ஏற்றுக்கொண்டாரா? எனக்குக் கல்யாணமாகி, மூன்று வயதில் ஒரு பெண்ணும் இருக்கிறாள். இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் ஹைதராபாத்தில் பி.ஏ. ஸ்பானிஷ் படித்தேன். வலங்கைமான் பக்கத்தில், வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை எங்கள் வயல். அந்த வீட்டுப் பெண் ஸ்பானிஷ் படிக்கப் போகிறாள் என்றதும், "அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்காதவர்கள் இல்லை. அப்பா மட்டும் வேறு ஒன்று கேட்டார். "அந்த ஊர்ல நெல்லு வெளையுதாம்மா?" எனக்குத் தெரியாது. முதல் வாரமே பேராசிரியையிடம் கேட்டேன். வலென்சியா பக்கம் விளைகிறது என்றார். அன்று சாயங்காலம் போனில் சொன்னபோது அப்பாவுக்கு வந்த சந்தோஷம், எனக்குச் சீட்டுக் கிடைத்த அன்றுகூட வரவில்லை.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த வாரப் பாடத்தை அவருக்குச் சொல்ல வேண்டும். கவிதைகளைத் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். பொறுமையாக "ம்" கொட்டுவார். முடிந்ததும், "நல்லாத்தான் எழுதியிருக்கான். சாப்பிட்டியா?" என்பார். இரண்டாம் வருஷம் பண்பாட்டுப் பாடத்தில் வலென்சியாவின் தண்ணீர் நீதிமன்றம் வந்தது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகலில், பேராலய வாசலில், வாய்க்காலுக்கு ஒருவராக விவசாயிகளே உட்கார்ந்து தண்ணீர்த் தகராறுகளைத் தீர்ப்பார்கள். வக்கீல் கிடையாது. எல்லாம் வாய்மொழிதான். யார் பேச வேண்டும் என்பதைத் தலைவர் காலால் சுட்டிக் காட்டுவார். சொன்னது சொன்னதுதான், அப்பீல் கிடையாது.

"கால நீட்டியா? நம்ம ஊர்ல நீட்டினா வெட்டுக்குத்து ஆயிடும்" என்று சிரித்தவர், மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். பக்கத்தில் யாருக்கோ, "ஒரு நிமிஷம் இருங்க, பாப்பா சொல்லுது" என்று சொன்னதும் கேட்டது.

அடுத்த மாதமே எங்கள் வாய்க்கால் கரைப் பிள்ளையார் கோயிலில், வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஐந்து பேர் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் நிலம் வைத்திருக்கும் பெரியப்பாதான் முதலில் கிண்டல் செய்தாராம். "ஏண்டா, ஒம் பொண்ணு ஹைதராபாத் போயி வாய்க்கா வெட்டக் கத்துக்கிட்டு வந்துச்சா?" என்று கேட்டவர், மறுவாரம் தானே வந்து துண்டை விரித்து உட்கார்ந்தார். காலை மட்டும் எல்லோரும் மடக்கியே வைத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் குறைவு. வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். சம்பா கதிர் பால் பிடிக்கும் நேரம், எங்கள் முறைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. வயல் வெடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் அப்பா காலையில் போய் மடையைத் திறந்துவிட்டார். பெரியப்பா வியாழக்கிழமை பிராது வைத்தார். ஐவரில் ஒருவரான அப்பா எழுந்து எதிரே போய் நின்றார். அடுத்த முறைத் தண்ணீர் அவருக்குக் கிடையாது என்று தீர்ப்பு. சொன்னவர்களுக்கே மனசு கேட்காமல், "வேணும்னா பாதித் தண்ணி விட்டுக்கங்க" என்று இறங்கி வந்தார்களாம். அப்பா ஒப்பவில்லை. "சொன்னா சொன்னதுதான். பாப்பா அப்படித்தான் சொல்லுச்சு."

நாலு மா, ஒரு ஏக்கருக்கு மேலான பயிர், பதராகப் போனது. அப்பா என்னிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. பொங்கலுக்கு வந்தபோது அம்மாதான் அடுப்படியில் சொன்னாள். "உன் ஸ்பெயின்காரன் சட்டத்துல நம்ம வயலு காஞ்சுபோச்சுடி." நான் அழுதேன். அப்பா வெளியிலிருந்து, "அதெல்லாம் விடு. இப்ப பாரு, வாய்க்கால்ல ஒரு சண்டை கிடையாது" என்றார். அது உண்மைதான்.

இப்போது தஞ்சாவூரில் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் வகுப்புக்காகப் பழைய பாடப்புத்தகத்தை எடுத்தேன். அந்தப் பாடத்துக்கு அடுத்த பக்கத்தில் ஒரு பத்தி. கடும் வறட்சி வந்தால் வழக்கமான முறை செல்லாது, எந்தப் பயிர் சாகப்போகிறதோ அதற்கே முதலில் தண்ணீர் விடுவார்கள் என்று இருந்தது. ஓரத்தில் என் கையெழுத்தில், 'பரீட்சைக்கு வராது.' பரீட்சைக்கு வராததை நான் படிக்கவில்லை. படிக்காததை அப்பாவுக்குச் சொல்லவில்லை.

அப்பா இன்றும் வியாழக்கிழமை தவறாமல் உட்காருகிறார். போன சம்பாவில், குத்தகைக்குக் கடைமடையில் நட்டிருந்த ஒரு பெண் முறைக்கு முன்னால் மடையைத் திறந்துவிட்டாள். "நானே ஏத்துக்கிட்டேன், நீ ஏத்துக்க மாட்டியா?" என்று கேட்டு அவள் முறையை நிறுத்தியவர் அப்பாதான். அவளுக்கும் பயிர் போனது. இந்த வருஷமும் அதே இடத்தில் நட்டிருக்கிறாள்.

என் மகள் எதற்கெடுத்தாலும் "அம்மா சொன்னாங்க" என்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து, ஒன்றைச் சொன்னால் முழுசாகச் சொன்னேனா என்று நாலு தடவை யோசிக்கிறேன். என்னை இப்படி முழுசாக நம்புகிறவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான்.

அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் பயிர் மறுபடியும் காயலாம். சொன்னால், தன்னுடைய நாலு மா பயிரைக் காய விட்டிருக்க வேண்டியதில்லை என்று இந்த வயதில் அவருக்குத் தெரிந்துவிடும். அவள் முறையை நிறுத்தியிருக்க வேண்டியதில்லை என்பதும்தான். இரண்டு தடவை போனை எடுத்து, அவர் "சொல்லும்மா" என்றதும், பேத்தி சாப்பிட்டாள் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பெற்றவர்களிடம் இப்படி ஒன்றைச் சொல்ல நேர்ந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். எந்த வார்த்தையில் ஆரம்பித்தீர்கள்? தண்ணீர் குறைவதற்குள் எனக்கு எழுதுங்கள்.