புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற பஸ்

பிள்ளைகளே, உங்கள் அத்தை ஒரு காலத்தில் நன்றாகப் படம் வரைவாள் என்றால் நம்ப மாட்டீர்கள். இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம் அது. சங்கராபுரம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. நான் ஒன்பதாவதில் ஒருமுறை பெயிலானவன். அதனால் தங்கையும் நானும் ஒரே வகுப்பு, பத்தாவது.

வீட்டில் அடைந்து கிடந்த அவள், கிடைத்த தாளில் எல்லாம் ஒரே படத்தை வரைந்தாள். ரோட்டில் விழுந்து கிடக்கும் பெரிய மரம், அதற்கு அந்தப் பக்கம் ஒரு பஸ். யாரோடும் பேச்சு இல்லை.

"பொண்ணு பயந்துக்கினு கீது. போலீஸ் வண்டியப் பாத்திருக்கும்" என்றார் அம்மா. பூசாரியிடம் கூட்டிப்போய், வேப்பிலையால் மந்திரித்து, கையில் கறுப்புக் கயிறு கட்டினோம்.

"இனிமே புளியங்கொட்டையப் பாத்தாக்கூட ஓடுவியாடி?" என்று நான் வேறு கிண்டல் செய்தேன். அவள் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

மரங்களை எடுத்தார்கள். வருவதாகச் சொல்லியிருந்து, ரோடு அடைபட்டதால் வராமலிருந்த உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக்காரர்கள், பஸ் விட்ட அன்றைக்கே அவளைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். அன்றே தாம்பூலமும் மாற்றியாயிற்று.

பள்ளி திறந்ததும் அவள் நோட்டுக்குள் இருந்த படம் டிராயிங் டீச்சர் கண்ணில் பட்டது. நாங்கள் எல்லோரும் மரத்தையே பார்த்திருந்தோம். அவர் பஸ்ஸைத் தொட்டுக் காட்டி, "இதுல யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டார்.

"என்னப் பொண்ணு பாக்க வர்றவங்க."

"மரத்த எடுத்துட்டா?"

"வந்துடுவாங்கன்னு நெனச்சேன். வந்துட்டாங்க டீச்சர். இனிமே ஸ்கூலுக்கு வுட மாட்டாங்க."

பக்கத்து பெஞ்சில் இருந்த எனக்கு அது கேட்டது.

சாயங்காலம் டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்தார். அப்பா மரியாதையாக உட்காரவைத்து, அவளைப் படிக்க விடும்படி அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். "தாம்பூலம் மாத்திட்டோமே டீச்சர், இனிமே நான் இன்னா செய்யட்டுங்க? முன்னாடியே தெரிஞ்சிருந்தா..." என்று தங்கை பக்கம் திரும்பினார். "ஏம்மா, வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"மரம் அப்பிடியே கெடக்கும்னு நெனச்சேம்பா."

நீங்கள் எதையாவது வரைந்து காட்டினால், "இது இன்னா, இதுல யாரு?" என்று நான் நச்சரிப்பதாகச் சலித்துக்கொள்கிறீர்கள். அன்று எங்கள் வீட்டில் ஒருவர்கூட அப்படிக் கேட்கவில்லை.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம். பரீட்சை எழுதப் போனது நான் மட்டும்தான். கணக்கில் பெயிலானேன். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது அவள்.