ஞா நிமியாவின் நீலத் துணி

முதலில் இடது குமிழ், பிறகு வலது. சீருடைச் சட்டை வெட்டியதில் மிஞ்சிய நீலத் துண்டைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு, குமிழின் அடியில் சேரும் அழுக்கை ஒரே சுழற்றலில் வழித்து எடுப்பார். அடுத்து பொத்தான்கள், ஒவ்வொன்றாக அழுத்தி. கடைசியில் சுடும் விசை. அவர் துடைக்கத் துடைக்கத் திரையில் ஏதேதோ பட்டியல்கள் திறந்து மூடும். யாரும் அதைக் கவனிப்பதில்லை. "கை சுத்தமா இருந்தா குறியும் சுத்தமா இருக்கும்" என்று சொல்லி, பிறந்த குழந்தையைத் தூக்கிக் கொடுப்பது போல இரண்டு கையாலும் வீடியோ கேம் கன்ட்ரோலரை நீட்டுவார் ஞா நிமியா. 'ஞா' என்றால் எங்கள் ஊரில் 'அம்மா' என்பது போல.

எங்கள் தெருவில் அவருக்கு இரண்டு தொழில். காலையில் ஜிப் மாற்றுவது, கால்சட்டை மடித்துத் தைப்பது. மதியத் தூக்கம் கலைந்து லூக்கே ஊர் சோம்பல் முறிக்கும் நேரத்தில் முன்னறையின் இரும்புக் கதவை மேலே தூக்கிவிடுவார். உள்ளே நான்கு பழைய டிவிகள், எட்டு கன்ட்ரோலர்கள், ஒரு மின்விசிறி. வயது ஐம்பத்து நான்கு. இத்தனை வருடத்தில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. "அந்த பொம்மைங்க எனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு, நான் போய் சுடறதுக்கு?"

திரைக்கு முதுகைக் காட்டித்தான் தையல் மெஷினில் உட்காருவார். ஆனால் யார் ஆடுகிறார்கள், எப்படி ஆடுகிறார்கள் என்று சத்தத்திலேயே தெரியும்.

"வில்மார், அந்தச் சுவர விட்டுடுடா. அது செத்து ரொம்ப நேரமாச்சு."

ஆளாளுக்கு ஒரு கோணல் உண்டு, அத்தனையும் அவருக்கு மனப்பாடம். டான் எபிஃபானியோ ஒரு காலத்தில் சோயா வயல்களுக்கு மருந்து தெளிக்கும் குட்டி விமானம் ஓட்டியவர். குமிழைக் கீழே இழுத்தால் பார்வை மேலே போகவேண்டும் அவருக்கு. வில்மாருக்குக் குறிபார்க்கும் பொத்தானை ஒருமுறை தட்டினால் போதும், அழுத்திப் பிடிக்கப் பொறுமை கிடையாது. அவர்கள் கேட்காமலே, துடைக்கும்போதே மாற்றிக் கொடுத்துவிடுவார்.

குறி உதவி மட்டும் எங்கள் தெருவில் கெட்ட வார்த்தை. எதிரியின் பக்கத்தில் உன் குறிவட்டம் வந்தால், விளையாட்டே அதை ஒரு மயிரிழை இழுத்து அவன்மேல் வைக்கும். அமைப்புப் பட்டியலில் அதை ஏற்றலாம், இறக்கலாம், அணைத்தும் விடலாம். "பல்லு போனவனுக்கு மரவள்ளிக்கிழங்க மசிச்சு ஊட்டற மாதிரி அது" என்பான் டெர்லிஸ். அவன் சொன்னால் எடுபடும். தெருவிலேயே சிறந்த கை அவனுடையது.

மார்ச் மழையில், பார்சல் கொண்டுபோன பைக் கல்பாவிய தெருவில் வழுக்கியது. டெர்லிஸின் வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போயின. அதில் ஒன்று சுடும் விரல். பார்சல் வேலை போயிற்று. ஏப்ரலில் கட்டுப் பிரித்ததும் நேராக இங்கேதான் வந்தான்.

அன்று மூலையில் ஒரு கவிதைப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். டெர்லிஸ் ஒன்பது முறை சுட்டான். ஒன்றும் படவில்லை. தையல் மெஷின் நின்றது. யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருக்கலாம்.

"ஞா நிமியா, ஒரு வாரம் பாக்கறேன்" என்றான் டெர்லிஸ், கன்ட்ரோலரைக் கீழே வைத்தபடி. "இதுவும் போச்சுன்னா இந்தப் பக்கமே வரமாட்டேன். ஒண்ணுமில்லாதவனா இங்க வந்து குந்திக்கிட்டு இருக்க என்னால முடியாது."

"வர்றதும் வராததும் நாளைக்குப் பேசலாம். இப்ப டெரெரே ஊத்து. எல்லாருக்கும் தொண்டை காயுது."

மறுநாள் அவனுடைய கன்ட்ரோலரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் துடைத்தார். டெர்லிஸ் வாசலில் நின்று தெருவைப் பார்த்தபடி டெரெரே குவளையிலிருந்து குளிர்ந்த மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அதுவே அவன் வழக்கமாயிற்று: அவர் துடைப்பார், அவன் தெருவைப் பார்ப்பான். அன்று பத்துக்கு நான்கு பட்டது. வாரக் கடைசியில் பத்துக்கு ஏழு.

"விரல் பழகிடுச்சு" என்றான். நாங்களும் நம்பினோம். மரவள்ளிக்கிழங்குப் பேச்சு திரும்ப வந்தது, முன்னைவிடச் சத்தமாக.

அந்தச் சத்தம்தான் அக்டோபரில் வில்டோவைக் கூட்டிவந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து அணியின் தலைவன். சனிக்கிழமை நாலுக்கு நாலு, தோற்றவர்கள் தொத்திறைச்சி வாங்கிச் சுடவேண்டும். "ஒரே ஒரு விதி. குறி உதவி யாருக்கும் கிடையாது. உங்க டெர்லிஸ் சொல்றதுதானே?"

டெர்லிஸ் ஒரு கணம் மரத்துப்போன விரலைத் தடவினான். "நான் சொல்றதேதான்" என்றான்.

சனிக்கிழமை வில்மாருக்குப் பொன்னுக்கு வீங்கி. நாலாவது ஆளாக என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

"புத்தகத்த வச்சுட்டு வாடா. குண்டு வந்தா பக்கத்த திருப்பிடாத" என்றார் ஞா நிமியா.

நான்கு திரைகளிலும் அமைப்பைத் திறந்து, எட்டுப் பேருக்கும் குறி உதவி அணைந்திருப்பதைக் காட்டினார். வில்டோ ஒவ்வொன்றிலும் விரல் வைத்துப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு அடுப்பிலிருந்து இறக்கிய சிப்பா ரொட்டிக் கூடையை நடுவில் வைத்தார். "சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க. அழுக்குக் கன்ட்ரோலர விருந்தாளிக்குக் குடுக்கற வழக்கம் இங்க இல்ல." எல்லோரும் ரொட்டியை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தபோது எட்டையும் துடைத்தார். டெர்லிஸ் மட்டும் ரொட்டியை எடுக்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தோம். கடைசி நிமிடத்தில் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் அசையாமல் காத்திருந்து வில்டோவைச் சுட்டவன் டெர்லிஸ். நானே ஆறு முறை எதிராளியைச் சாய்த்திருந்தேன். "ஒண்ணாந்தர ஆட்டம். வெறுங்கை ஆட்டம்" என்று வில்டோ டெர்லிஸைக் கட்டிக்கொண்டான். தொத்திறைச்சி தீயும் வரை எட்டுப் பேரும் அவரவர் கையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

டிசம்பரில் ஞா நிமியா காகுபே மாதா கோயிலுக்கு நடைப்பயணம் கிளம்பினார். இரண்டு நாள் கடையைப் பார்த்துக்கொள்ள நான். தலையில் தொப்பி, தோளில் தண்ணீர்க் குடுவை, வாசற்படியில் நின்றபடி நீலத் துணியை என் கையில் திணித்தார்.

"எபிஃபானியோவுக்குத் தலைகீழ். வில்மாருக்கு ஒரு தட்டு. டெர்லிஸுக்குக் கீழ நாலு, வலது ரெண்டு. துடைச்சுக்கிட்டே செஞ்சுட்டு உடனே பட்டியல்லருந்து வெளிய வந்துடு."

அமைப்புப் பட்டியலில் கீழே நாலாவது வரி குறி உதவி என்று எனக்குத் தெரியும்.

"எப்பலருந்து?"

"ஏப்ரல்லருந்து."

"அந்தச் சனிக்கிழமையுமா?"

"அன்னிக்கு எட்டுப் பேருக்கும் வச்சேன். ஒருத்தனுக்கு மட்டும் வச்சா அது ஏமாத்து இல்லையா?" குடுவையைச் சரிசெய்துகொண்டார். "அவன்கிட்ட வாய விட்டுடாத. பையன் மனசு ஒடஞ்சுடும்."

என்னுடைய அந்த ஆறு முறையைப் பற்றி நான் கேட்கவில்லை.

மாலையில் டெர்லிஸ் வந்தான். நான் துணியை விரலில் சுற்றினேன். இடது குமிழ், வலது குமிழ். பட்டியல் திறந்தது, பதற்றத்தில் எண்ணிக்கை தவறிப்போய் வேறெங்கோ நின்றேன். மூடினேன், மறுபடியும் திறந்தேன். துடைப்பது நீண்டுகொண்டே போயிற்று.

டெர்லிஸ் வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். குவளையிலிருந்து வாயை எடுத்தான்.

"கீழ நாலு" என்றான், திரும்பாமலே. "வலது ரெண்டு."